செண்பகத்தோப்பு மலை அணில்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறியதிலிருந்து நின்றுகொண்டே வந்தேன். யாரோ என் காலை மிதித்த எரிச்சல் வேறு. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் கணவரிடம் சொன்னார்: "நீங்க சண்ட போட்டதும் நல்லதுக்குத்தான். இல்லன்னா அது எட்டிப் பாத்திருக்காது."

"எதுட்டி?" அவர் மீசையைப் பார்த்தாலே பட்டாளத்துக்காரர் என்று தெரிந்தது.

"மலை அணில். காட்டுத்தீ பயம், உள்ள விடமாட்டோம்னு செண்பகத்தோப்பு செக்போஸ்ட்ல சொன்னதும் எகிறுனீங்கல்லா? அப்போ ஒங்க தலைக்கு மேல புளியமரத்துல கெடந்துச்சு."

"அங்கயே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா அதையும் அட்டென்சன்ல நிக்கச் சொல்லுவீங்க."

அவர் சிரிக்கவில்லை.

"லீவுல வாரப்பல்லாம், ரிட்டயர் ஆனதும் மலைக்குள்ள கூட்டிட்டுப் போறேம்பேன். நாளைக்கு மெட்ராசுக்கு மகன் வீட்டோட போயிருவோம். காட்டாமலே கூட்டிட்டுப் போறேனே."

"அதான் பாத்துட்டேன்ல. வாலு எம்புட்டு நீளங்கிறீங்க! வெயில்ல பொகை மாதிரி தொங்குச்சு."

ஜன்னலில் மலை கூடவே வந்துகொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார்.

"எல்லையில கண்ணு கொட்டாம காவல் நின்னவன். தலைக்கு மேல கெடந்தத பாக்கலையே."

பிறகு கண்ணை மூடிக்கொண்டார். "மெதுவாச் சொல்லு. வால்ல இருந்து ஆரம்பி."

அந்த அம்மாள் சொல்ல ஆரம்பித்தார். பின்னால் ஒரு இருக்கை காலியானது. நான் போகவில்லை. அங்கே உட்கார்ந்தால் கேட்காது.