தங்கம் பூசிய ஈ

"எனக்கு மூக்குத்திக்கே தங்கம் இல்ல, என் ஈக்கு உடம்பு பூரா தங்கம்டி!"

புதுப்பட்டினத்தில் செங்கல்பட்டு பஸ் ஏறியதும் பின்சீட்டிலிருந்து இது காதில் விழுந்தது. இதை எழுதியே தீர வேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது. பேசியவர்கள் இரண்டு கல்லூரிப் பெண்கள். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பூச்சி பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

"பூசினாத்தான் படம் தெளிவா வரும்னு சார் சொன்னாரே. உன் ஈயோட கண்ணு தேன்கூடு மாரி இன்னா அழகுடி! என் எறும்புதான் மானத்த வாங்கிடுச்சி."

"அத யாரு சானிடைசர்ல முக்கச் சொன்னது?"

"கெட்டுப்போவாதுன்னு நெனச்சேன்."

"அது காஞ்சி மூஞ்சி மேல படிஞ்சிக்கினு, கவர் பிரிக்காத புது டிவி மாரி இருந்துச்சி!"

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"சிரிக்காதடி. வியாழக்கிழம எனக்கு மட்டும் இன்னொரு சான்ஸ் குடுத்துகிறாரு. அதுலயும் சொதப்புனா, டிபார்ட்மென்ட் செவுத்துல எல்லார் படமும் இருக்கும், என்னது இருக்காது."

"அப்ப இன்னா எடுத்தாரப் போற?"

"எங்க வூட்டு டியூப்லைட்டுக்குக் கீழ ஈசல் செத்துக் கெடக்கு. தானா காஞ்சிகீது. அது றெக்கையத்தான் பாக்கணும்."

சொன்னவள் திடுக்கிட்டு போனை எடுத்தாள்.

"அம்மா! தொடப்பத்தக் கீழ வை! நான் வர்ற வரைக்கும் ஹாலப் பெருக்காத!"