நான் எடுத்த மூன்று வரி

எங்கள் வீட்டுக்கு இருபத்தாறு வருஷமாக ஒரே டிப்போவிலிருந்துதான் பால் வருகிறது. மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். எதிர்ச்சாரியில் புதிதாக ஒரு கடை வந்திருக்கிறது. கடைக்காரன் அதே பாக்கெட்டை வாசலிலேயே கொண்டுவந்து தருகிறேன் என்கிறான். "ரெண்டும் ஒரே பால்தானே, எதுக்கு வெயில்ல நடக்கறேள்?" என்பாள் என் மனைவி விசாலாக்ஷி. ஒரே பால்தான். இருந்தாலும் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்த பொருளைத்தான் உள்ளே விடுவேன். என் சுபாவம் அப்படி.

இன்ஸ்பெக்டர் மேடம், என் வேலை என்ன என்று நேற்றுக் கேட்டீர்கள். எனக்கு அந்தப் பால்தான் ஞாபகம் வந்தது. லினக்ஸ் கணினிகள் தங்களுக்கு வேண்டிய மென்பொருளைத் தாங்களே போய் எடுத்துவரும். எந்த டிப்போவுக்குப் போக வேண்டும் என்பது ஒரு சின்னக் கோப்பில் வரிவரியாக எழுதியிருக்கும். அடையாற்றில் அந்த ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷம் அந்தக் கோப்பை எழுதியவன் நான். நூற்றுநாற்பது கணினிகள். ஒன்றையும் நான் வெளியே போக விட்டதில்லை. என் அறையில் ஒரு பழைய பெட்டி வைத்திருந்தேன். வருவதையெல்லாம் முதலில் அதில் இறக்கி, சரிபார்த்து, பிறகுதான் மற்ற கணினிகளுக்குக் கொடுப்பேன். ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம் அதன் நெற்றியில் வருஷம் பூராவும் இருக்கும்.

அந்த நூற்றுநாற்பதில் ஒன்று, மூன்றாவது மாடி இதய வார்டில் சிஸ்டர்கள் உட்காரும் மேசையில் இருந்தது. பன்னிரண்டு படுக்கைகளின் நாடித்துடிப்பும் அதன் திரையில் பன்னிரண்டு பச்சைக் கட்டங்களாகத் தெரியும். ஒருவருக்குத் துடிப்பு இறங்கினால் அவருடைய கட்டம் சிவக்கும், கணினி அலறும். படுக்கைப் பக்கத்திலுள்ள பெட்டிகளின் சத்தத்தை, நோயாளிகள் தூங்க முடியவில்லை என்று எப்போதோ குறைத்துவிட்டார்கள். ஆகவே எல்லோரும் நம்பியது மேசையிலிருந்து வரும் சத்தத்தை. திரையை யாரும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க முடியாது. ஆளுக்குப் பத்து வேலை.

அந்த அலாரத்தை எழுதிக்கொடுத்த கம்பெனியை மூடிப் பல வருஷம் ஆயிற்று. ஒலிக்கான ஒரு பழைய மென்பொருள் இருந்தால்தான் அலாரம் அலறும். அதைப் புதுப்பித்தால் சிவப்பு வரும், சத்தம் வராது. பிழை என்று ஒரு செய்திகூடக் காட்டாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் என் அறையில் சோதித்தபோது இதைக் கண்டுபிடித்தேன். உடனே தனியாக ஒரு கோப்பில் மூன்று வரி எழுதி வைத்தேன். எவ்வளவு புதியது வந்தாலும் சரி, இந்த ஒன்றை மட்டும் தொடாதே என்று அர்த்தம். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

போன வருஷக் கடைசியில் பரத்வாஜ் எங்கள் பிரிவுக்குத் தலைவராக வந்தார். என்னைவிட இருபது வயது சின்னவர், மரியாதையானவர். "வெங்கட் சார், உங்க ரூம்ல இருக்கற அந்த ஒரு பெட்டி போச்சுன்னா மொத்த ஆஸ்பத்திரியும் நின்னுடும் சார். இது சரியில்ல" என்றார். அவர் சொன்னது நிஜம். நிஜமாக இருந்ததால்தான் எனக்கு அவ்வளவு வலித்தது. இனி எல்லாக் கணினிகளும் நேரே அதிகாரப்பூர்வமான இடத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும், என் பெட்டியை அணைத்துவிடலாம், ஜூனில் நான் ஓய்வு பெறலாம் என்று முடிவாயிற்று. மாற்றுகிற பொறுப்பை ஆஃப்ரீனிடம் கொடுத்தார்கள்.

ஆஃப்ரீனைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். திருவல்லிக்கேணிப் பெண், இருபத்தாறு வயது. எதையும் தொடுவதற்கு முன்னால் முழுக்கப் படிப்பாள். ஒவ்வொரு வரிக்கு மேலேயும் தேதியும் காரணமும் எழுதுவது என் வழக்கம். "சார், நீங்க 2011ல எழுதின நோட்டுகூடப் படிச்சேன். கதை மாதிரி இருக்கு சார்" என்றாள். அதுவரை அதை ஒருவரும் படித்ததில்லை. என் பெட்டியைத் துடைத்தபோது குங்குமம் கலையாமல் அதைச் சுற்றித் துடைத்தாள். அவள் ஒரு மக்காக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் என்னை மூன்று தடவை கேட்டாள். "இந்தக் கோப்புகளைத் தவிர வேற எங்கயாவது ஏதாவது எழுதி வெச்சிருக்கீங்களா சார்?" மூன்று தடவையும் "இல்லம்மா" என்றேன். அப்புறம் அவள் தேடவில்லை. என் வார்த்தையைச் சந்தேகப்பட அவளுக்குத் தெரியாது.

என் கைபேசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருஷம் அது என்னைச் சாப்பிட விட்டதில்லை. வாயில் சோற்றை வைத்தால் மணி அடிக்கும். "வெங்கட் சார், கொஞ்சம் வாங்களேன்." ஆஃப்ரீனின் எண்ணைச் சுவரில் ஒட்டிய நாளிலிருந்து அது ஊமையாகிவிட்டது. சார்ஜ் இருக்கிறதா என்று எடுத்து எடுத்துப் பார்ப்பேன். ஒருநாள் என் எண்ணுக்கு விசாலாக்ஷியைக் கூப்பிடச் சொன்னேன். நன்றாகத்தான் அடித்தது. எனக்கு ரொம்ப அவமானமாக இருந்தது, மேடம். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஆகவே வார்டுக் கணினியை அவள் மாற்றுவதற்கு முதல் நாள், என் அறையில் இருந்தபடியே அதனுள் போய் அந்த மூன்று வரியை எடுத்துவிட்டேன். ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. இனி அவள் மாற்றியதும் அந்த ஒலி மென்பொருளும் சேர்ந்து புதிதாகிவிடும். எங்கள் அறையிலிருந்த சோதனைக் கணினியில் மட்டும் அதை அப்படியே விட்டுவைத்தேன். ஆஃப்ரீன் அதில் சோதித்தபோது அலாரம் ஜோராக அலறியது. அவள் குழந்தை மாதிரி கைதட்டினாள். நானும் தட்டினேன்.

நான் நினைத்தது இவ்வளவுதான். வார்டில் சத்தம் வராது. யாராவது கவனிப்பார்கள். பரத்வாஜ் ஓடுவார், அந்தப் பெண் தலையைப் பிய்த்துக்கொள்வாள், ஒருத்தருக்கும் விளங்காது. பிறகு என் மணி அடிக்கும். நான் போய் மூன்று வரி எழுதுவேன், சத்தம் வரும், "நீங்க இல்லேன்னா என்ன சார் ஆகியிருக்கும்" என்பார்கள். ஒரே ஒரு அழைப்பு. அதற்கு மேல் நான் எதுவும் ஆசைப்படவில்லை.

ஏழாம் படுக்கையில் இருந்தவர் பெயர் சின்னப்பையன். சைதாப்பேட்டை மார்க்கெட்டில் காய்கறிக் கடை. அவர் மனைவி முத்தம்மா வார்டுக்கு வெளியே பெஞ்சிலேயே கிடப்பார். அந்த வாரத் தொடக்கத்தில் நான் அந்தப் பக்கம் போனபோது என்னை நிறுத்தினார்.

"நீ கம்ப்யூட்டர் சாருதானே? அந்த டிவில எங்கூட்டுக்காரரு எது சார்?"

கண்ணாடிக் கதவு வழியாகக் காட்டினேன். "அதோ, ஏழு. பச்சையா இருக்கே, அதான். ஏதாவது ஒண்ணுன்னா அது அலறும்மா. சிஸ்டர் ஓடி வந்துடுவாங்க. நீங்க தைரியமா கீழ போய்ச் சாப்பிட்டு வாங்க."

அதுவரை அவர் கழிப்பறைக்குக்கூடப் போக யோசித்துக்கொண்டிருந்தாராம். அதற்குப் பிறகுதான் வேளைக்குச் சாப்பிடப் போனார். இது நான் மூன்று வரியை எடுப்பதற்கு முன்னால் சொன்னது. அப்போது நான் சொன்னதில் பொய் கிடையாது.

அதை எடுத்த மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு ஆஃப்ரீன் மாற்றி முடித்தாள். "சார், வார்டுல ஒரு தடவை அலாரம் அடிச்சுப் பாத்துடலாமா?" என்றாள்.

"இப்பத்தான் சாப்பிட்டுக் கண்ணசந்திருப்பாங்க. நாமதான் இங்க பார்த்தாச்சே, போதும்மா" என்றேன்.

பெரியவர் சொல்கிறார் என்று தலையாட்டினாள். சோதனைப் பட்டியலில் 'வார்டு ஒலி' என்ற இடத்தில் டிக் போட்டாள். பக்கத்தில் இருக்கும் கையெழுத்து என்னுடையது. நிபுணரிடம் அனுப்பிச் சரிபார்க்கிற சிரமம் உங்களுக்கு வேண்டாம்.

இரண்டு இருபதுக்கு மூன்றாவது மாடிக்குப் போனேன். எதற்குப் போனேன் என்றால், பார்க்கத்தான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். சிஸ்டர் ரூபீனா பதினொன்றாம் படுக்கையில் ஒரு பாட்டிக்கு டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார், மேசைக்கு முதுகு காட்டியபடி. இன்னொரு சிஸ்டர் சாப்பிடப் போயிருந்தார். இரண்டு முப்பத்தொன்றுக்கு ஏழாவது கட்டம் சிவந்தது. சத்தம் வரவில்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் கண்டுபிடித்தது இம்மியும் பிசகவில்லை. அடுத்த கணம் கைபேசியை எடுத்து வைத்துக்கொண்டேன்.

அப்போது முத்தம்மா காகிதக் கோப்பையில் டீயோடு படியேறி வந்தார். என் பக்கத்தில் நின்று, வழக்கம்போல முதலில் திரையைப் பார்த்தார்.

"சார், ஏழு செவப்பா கீதே?"

நான் சிஸ்டரின் முதுகைப் பார்த்தேன்.

"கத்தலியே சார். கத்தும்னு நீதானே சொன்ன?"

"கத்தினாத்தாம்மா பயம்" என்றேன். "கத்தலையே."

"ஆமாங்காட்டி" என்றார். மூச்சு விட்டார். பெஞ்சில் உட்கார்ந்து ஊதி ஊதி டீயைக் குடித்தார். நான் அவரைப் பார்க்காமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிஸ்டர் ரூபீனா திரும்பியபோது இரண்டு நாற்பது. ஒன்பது நிமிஷம். அதற்குப் பிறகு அவர்கள் ஓடிய ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சின்னப்பையனை மீட்க முடியவில்லை.

மறுநாள் ஆஃப்ரீன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். "பத்தொன்பது வருஷம் நீங்க காப்பாத்துனதை நான் ஒரே நாள்ல கொன்னுட்டேன் சார்" என்று அழுதாள். விசாலாக்ஷி அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, "காபி சாப்பிடும்மா, ஒண்ணும் ஆகாது" என்றாள். அன்று சொல்லியிருக்கலாம். முடியவில்லை.

இன்று வந்ததற்குக் காரணம் வேறு. அவள் உங்களிடம் எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தின் நகலைப் பரத்வாஜ் காட்டினார். மென்பொருள் எங்கிருந்து எடுப்பது என்ற பட்டியலை மாற்றியதில் தான் செய்த பிழையால்தான் அலாரம் நின்றது என்று எழுதியிருக்கிறாள். அது தவறு. அந்தப் பட்டியலை நான் வரிவரியாகப் பார்த்தேன். முகவரி, வருவது அசல்தானா என்று சரிபார்க்கும் சாவி, வரிசை எல்லாம் கச்சிதம். நான் எழுதியிருந்தால்கூட அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. அப்படிப்பட்ட கோப்பைப் பிழை என்று ஒரு அரசாங்கக் காகிதம் சொல்வதை என்னால் பொறுக்க முடியவில்லை. கோளாறு அங்கே இல்லை, நான் எடுத்த மூன்று வரியில் இருக்கிறது. தயவுசெய்து அதைத் திருத்தி எழுதுங்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் ஒரு குரல் கொடுக்க வேண்டியதுதானே என்று கேட்டீர்கள். நான்கு தப்படிதான். ஆனால் வார்டிலிருந்து கூப்பிடாமல் கணினிப் பிரிவு ஆட்கள் உள்ளே கால் வைக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். பத்தொன்பது வருஷத்தில் ஒருநாள்கூட நான் அதை மீறியதில்லை. அழையா வீட்டுக்கு நுழையா சம்பந்தி என்பார்கள். கூப்பிட்டிருந்தால் மறு நிமிஷம் உள்ளே இருந்திருப்பேன். என் கைபேசி உங்களிடம்தான் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். அன்று இரண்டிலிருந்து மூன்று மணி வரை ஒன்றுமே இல்லை. யாரும் என்னைக் கூப்பிடவில்லை.