கண்ணுக்குள் எண்ணெய்

மதுரையிலிருந்து சிவகாசிக்கு வந்த கூட்டமான பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் கறுப்புக் கண்ணாடி போட்ட இளம்பெண் பக்கத்திலிருந்த மூத்தவளிடம் சொன்னாள்:

“ஆறு மாசமா கண்ணுக்குள்ள எண்ணெய் இருந்துச்சுக்கா.”

“எண்ணெயா?”

“விழித்திரை கழண்டுபோச்சு. அத அமுக்கிப் பிடிக்க மதுர ஆஸ்பத்திரியில சிலிக்கான் எண்ணெய் வச்சாக. ரெண்டு வாரம் குப்புறவே படுக்கணும்னாக.”

“எப்பிடித் தாயி கிடந்த?”

“கட்டில் ஓரத்துல தலையத் தொங்கப் போட்டுக் கிடப்பேன். எங்க வீட்டுக்காரரு பட்டாசுக் கம்பெனியில இருந்து வந்ததும் தரையில மல்லாக்கப் படுத்து, எம் மொகத்தப் பாத்துப் பேசிக்கிட்டே இருப்பாக. தெனமும்.”

“பொறவு?”

“எண்ணெய் பொடிப்பொடியா உடைஞ்சு கண்ணுல பிரஷர் ஏறிருச்சு. வலி தாங்கல. எடுத்தா விழித்திரை மறுபடி கழண்டுரலாம்னாக. துணிஞ்சு எடுத்தோம். இன்னிக்குப் பாத்துட்டு, ஒட்டினபடியே இருக்குன்னாக.”

“வீட்டுக்காரரு வரலையா?”

“அந்தா, பையோட நிக்கிறாகளே.”

மூத்தவள் எழுந்தாள். “தம்பி, இங்கன உக்காருங்க. நான் விருதுநகர்ல எறங்கிருவேன்.”

விருதுநகர் வந்தது. அவள் இறங்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி சிவகாசி வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள்.