லைலாவின் முதுகு

எண்ணெயை நேரே தோலில் ஊற்றக் கூடாது. உள்ளங்கையில் விட்டு, இரண்டு கைகளையும் உரசிச் சூடாக்கி, அதன் பிறகுதான் பூச வேண்டும். பதினெட்டு வருடங்கள் என் மனைவி லைலாவின் முதுகுக்குப் பூசியவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

எங்கள் மகள் றிபாவைக் கடல் கொண்டுபோன அடுத்த வருடம் லைலாவுக்குத் தோல் வருத்தம் தொடங்கியது. சொரியாசிஸ் என்றார்கள். முழங்கைகள் முதலில், பிறகு முதுகு முழுவதும் சிவந்து வெள்ளிச் செதிலாக உரிந்தது. தொற்றாது என்று நான் எத்தனை பேரிடம் சொன்னாலும், கலியாண வீடுகளில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி வெறுமையாகவே இருக்கும். அவள் போவதை விட்டாள். நான் விஞ்ஞான ஆசிரியர். பாடசாலை விட்டதும் சாய்ந்தமருதில் எங்கும் தரிக்காமல் வீட்டுக்கு வந்துவிடுவேன். பின்னேரம் அஸர் தொழுதபின் எண்ணெய். அந்த அரை மணித்தியாலத்தில்தான் நாங்கள் ஒருவரோடொருவர் கதைப்போம்.

போன வருடம் அவளுடைய தங்கை மகன் ஸஜாத் கனடாவிலிருந்து ஒரு சிறு போத்தல் கொண்டுவந்தான்.

"கஞ்சாச் செடியில எடுத்த எண்ணெயா? இஞ்ச பாருங்க, நான் தொழுகையில நிண்டு சிரிக்கப்போறன்," என்றாள் லைலா.

"குடிக்கிறதில்ல, பூசுறது. வெறிக்காது," என்றான் ஸஜாத்.

"அப்ப அந்தச் செடிக்கு என்ன மரியாத?"

அதன் பெயர் கன்னாபிடியோல். அதைப் பற்றிய ஆய்வொன்றைத் தேடி வாசித்தேன். தட்டில் வளர்த்த தோற்கலங்களுக்கு, அதாவது தோலின் செல்களுக்கு, அதையும் வெயிலில் உள்ள கழியூதாக் கதிரையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். சுகமான கலங்களை எண்ணெய் ஓரளவு காத்தது. நோயுற்ற கலங்களிலோ கதிர் செய்யும் சேதத்தைக் கூட்டியது. ஒளிச் சிகிச்சை எடுக்கும் நோயாளிகள் கவனமாக இருக்க வேண்டும் என்று முடித்திருந்தார்கள்.

அதே மாதம் தோல் வைத்தியர் லைலாவுக்கு அந்தக் கழியூதாக் கதிராலேயே ஒளிச் சிகிச்சை எழுதினார். விளக்கை வீட்டுக்கே எடுத்தோம். முப்பது செக்கனில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். போத்தலைக் காட்டினேன். விளக்குப் பிடிக்கும் நாளில் அதைப் பூச வேண்டாம் என்றார். அவர் சொன்னபடியே செய்தேன். விளக்கு நன்றாக வேலை செய்தது. ஐந்தாவது மாதம் லைலாவின் முதுகில் எனக்குப் பூசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

அவள் கலியாண வீடுகளுக்குப் போகத் தொடங்கினாள். பெருநாளுக்குப் பிறகு அவளுடைய தங்கை சபியா உம்மா மருதமுனையிலிருந்து வந்தார்.

"மச்சான், ராத்தாவ நாங்க பொம்புளையளோட மக்காவுக்கு, உம்றாவுக்குக் கூட்டிக்குப் போறம். வந்து ரெண்டு மாசம் எங்களோட நிக்கட்டும். நீங்க தேத்தண்ணி ஊத்தப் பழகுங்க."

"அவருக்கு எங்க? என்ட முதுகு தெரிஞ்ச அளவுக்குக் குசினி தெரியாது," என்று லைலா சிரித்தாள்.

நான் கோபப்படவில்லை. அதைக் குறிப்பிட வேண்டும். நானும் சிரித்தேன்.

சொரியாசிஸ் உள்ளவர்களுக்குத் தோலில் காயம் பட்டால் அந்த இடத்தில் நோய் திரும்பி வரக்கூடும். பயணத்துக்கு மூன்று கிழமைகள் இருந்தன. இலேசான எரிவு, இரண்டு கிழமையில் செதில், பயணம் தள்ளிப்போகும். நான் நினைத்தது அவ்வளவுதான்.

அப்போது அவளுக்கு விளக்கின் அளவு தொண்ணூறு செக்கன். அன்று முதலில் போத்தல் எண்ணெயைப் பூசினேன். ஏன் பூசக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அவள் கறுப்புக் கண்ணாடி போட்டுக் குப்புறப் படுத்தாள். இடுப்புக்குக் கீழே நான் உடுக்கும் சாரத்தால் மூடிவிட்டேன்.

"இன்னும் முடியலயா?" என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம்."

"றிபாட பேரில ஒரு உம்றா செய்யிறதா மனசில நிய்யத்து வெச்சிருக்கன்."

நான் விளக்கை அணைக்கவில்லை.

மறுநாள் முதுகு கொப்பளித்தது. வருத்தம் திரும்பிவிட்டது என்று சொன்னேன். விஞ்ஞானம் படித்த மனிதன் சொன்னதால் நம்பினாள். "அப்ப மக்காவுக்குப் போற நசீப் எனக்கு இல்ல," என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். சபியா உம்மாவுக்கு நான்தான் அறிவித்தேன்: ராத்தா ஆட்களைப் பார்க்க வெட்கப்படுகிறா, இப்போது வர வேண்டாம். பதினெட்டு வருடப் பழக்கம், அவரும் நம்பினார்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. கொப்பளங்கள் சீழ் பிடித்தன. "ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்று கேட்டாள். நாளைக்கு என்றேன். அங்கே போனால் எத்தனை நிமிடம் என்று கேட்பார்கள். அடுத்த நாளும் நாளைக்கு என்றேன். பத்தாம் நாள் நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன் மௌத்தானாள். வருத்தக்காரி என்று ஊருக்கே தெரியும். அன்றே பொழுது படுமுன், மஃரிபுக்கு முன் அடக்கம் முடிந்தது.

எங்களில் இறந்த பெண்ணின் மையித்தைப் பெண்கள்தான் குளிப்பாட்டுவார்கள். சபியா உம்மா முன்னின்று செய்தார். சாரத்தின் விளிம்பு கிடந்த இடத்தில் அந்தக் காயம் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் நேராக நின்றிருக்கும். வருத்தம் அப்படி நிற்பதில்லை. ஆனால் குளிப்பாட்டியவர் மையித்தில் கண்ட குறையை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. நான் அதை நம்பியிருந்தேன். அவர் இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. நாற்பதாம் நாள் குர்ஆன் கத்தம் ஓதி ஆட்கள் கலைந்த பிறகு என்னிடம் மட்டும் கேட்டார்.

"மச்சான், விளக்கு எத்தின நிமிசம்?"

அன்று என்னால் சொல்ல முடியவில்லை. அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதை அவர் யாரிடமும் காட்டலாம். பதினொரு நிமிடம். லைலாவை நான்தான் எரித்தேன், நான்தான் வைத்தியரிடம் கொண்டுபோகாமல் வைத்திருந்தேன்.

ஆனால் ஒன்றை அவர் விளங்கிக்கொள்ள வேண்டும். அந்த நாட்களில் நாளுக்கு மூன்று தரம் அவளைத் துடைத்து, பக்கம் மாற்றிப் படுக்க வைத்தேன். அவளுக்கு என்னைத் தவிர வேறு யாரும் தேவைப்படவில்லை. ஒருவரையும் கேட்கவில்லை. போனை மட்டும் இரண்டு தரம் கேட்டாள், நான் கொடுக்கவில்லை.