முளைத்த கையின் முட்கள்

அண்ணி: …முதல்ல கதவைச் சாத்து. வெளியில பதினோரு பேர் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறாங்க.

நாத்தனார்: கேக்கட்டும். இருபது ஜாடியில இருந்த கடல் உயிர்ல பதினெட்டுக்குச் சரியான பேர் எழுதினேன். பதினேழுன்னு போட்டிருக்கீங்க.

அண்ணி: பதினேழுதான்.

நாத்தனார்: பதினெட்டு வாங்கினாத்தான் ஆராய்ச்சிக் கப்பல்ல இடம். அது தெரிஞ்சேதான…

அண்ணி: இங்க பாரு. வீட்டுலதான் நான் உன் அண்ணன் பொண்டாட்டி. இந்த லேப்ல உனக்குப் பரீட்சை வைக்கிறவ. உறவைப் பார்த்து மார்க் போட்டா நாளைக்கு என்னைக் காறித் துப்புவாங்க.

நாத்தனார்: உறவைப் பார்க்க வேணாம் அண்ணி. ஜாடியைப் பாருங்க. ஒன்பதாம் நம்பர்.

அண்ணி: பார்த்தாச்சு. கடலடி நட்சத்திரம், ஒல்லிக் கை. ஒரு கணுவுக்கு அஞ்சு முள். அஞ்சுன்னா என்ன பேருன்னு நான் எழுதின கையேட்டுலயே இருக்கு.

நாத்தனார்: ஏழு முள்.

அண்ணி: அஞ்சு. பன்னிரண்டு வருஷம் முன்னாடி நானே எண்ணி, பென்சில்ல எழுதி, உள்ள போட்ட சீட்டு அது. மத்தவங்க எல்லாரும் அஞ்சு முள்ளுக்கு உள்ள பேரைத்தான் எழுதினாங்க.

நாத்தனார்: கையேட்டைப் பார்த்து எழுதினாங்க. ஜாடியை எவன் பார்த்தான்? நீங்க எந்தக் கையில எண்ணினீங்க?

அண்ணி: என்ன கேள்வி இது…

நாத்தனார்: நாலு கை நீளம், ஒண்ணு குட்டை. குட்டை, உடைஞ்சு திரும்ப முளைச்சது. "முளைச்ச கையில முள் குறையும், அதுல போய் எண்ணுறவன் முட்டாள்"னு முதல் நாளே மைக்ராஸ்கோப் முன்னாடி உட்கார வெச்சுச் சொன்னது யாரு? நானா?

அண்ணி: வாய் நீளுது.

நாத்தனார்: உபதேசம் ஊருக்குத்தானா?

அண்ணி: உன்னைச் செல்லம் கொடுத்துக் கெடுத்ததே உங்க அண்ணன்தான். நாலு மாசம் படிச்சுட்டு எனக்கே…

நாத்தனார்: சரி, என் கண்ணுதான் தப்பு. ஒரு துண்டு கிள்ளி டிஎன்ஏ பார்த்துருங்க.

அண்ணி: முடியாது. பழைய ஜாடி. ஃபார்மலின்ல கிடந்தது. டிஎன்ஏ எப்பவோ சிதைஞ்சு போயிருக்கும்.

நாத்தனார்: மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். ஆல்கஹால். அதுல டிஎன்ஏ கெடாது.

அண்ணி: …இருக்கட்டும். மெஷினுக்கு வரிசை இருக்கு. கப்பல் திங்கட்கிழமை கிளம்புது.

நாத்தனார்: ஆமா, வரிசை இருக்கு… கையேட்டைத் திருத்தினா எத்தனை ஜாடிக்குச் சீட்டு மாத்தணும் அண்ணி?

அண்ணி: நாற்பத்து மூ… உனக்கெதுக்கு அது?

நாத்தனார்: எண்ணி வெச்சிருக்கீங்களே. நேத்து அண்ணன் உங்களைக் கேட்டாரு, ஏன் சாப்பிடாம தட்டைப் பார்த்துக்கிட்டே இருக்கேன்னு. கண்ணு வலின்னீங்க.

அண்ணி: கண்ணு வலிதான்.

நாத்தனார்: அந்தக் கையேட்டை வெச்சுத்தான் பதினோரு பேரும் கப்பல்ல பிடிக்கிறதுக்கெல்லாம் பேர் எழுதப் போறாங்க. ஒருத்தர் தப்பு பன்னிரண்டு பேர் தப்பா ஆகும்.

அண்ணி: போதும். எடுத்தேன் கவிழ்த்தேன்னு பேசாத. ஆதாரம் இருந்தாக் கொண்டா. நானே உன்னைக் கப்பல்ல ஏத்துறேன்.

நாத்தனார்: பரீட்சைக்கு மறுநாளே அதே நட்சத்திரத்தை மூணு கையில கிள்ளி, மூணு குழாய்ல போட்டு டிஎன்ஏ மெஷினுக்கு அனுப்பினீங்க. பேர் இல்லை, ஜாடி நம்பர் இல்லை. ஏழு, பதினேழு, இருபத்தேழுன்னு மட்டும். ஏழுக்குக் குறுக்கே கோடு இழுக்குற ஆள் இந்தக் கட்டிடத்துல நீங்க ஒருத்தர்தான். போன வாரம் மெஷினை ஓட்டுறது என் முறை, அண்ணி. மூணுமே நான் எழுதின பேருக்குத்தான் பொருந்துச்சு. நீங்களா வாயைத் திறப்பீங்கன்னு அஞ்சு நாளா ஒரே வீட்டுல உங்க முகத்தையே பார்த்துக்கிட்டு இருக்கேன்.