மூன்றாவது வரிசையில் ஒரு சேவல்

மலை மன்றமாகவும் மஞ்சு பந்தலாகவும் அமைந்த இக்கூட்டத்தின் தலைவர், யூனியன் அழகுமலை அண்ணாச்சி அவர்களே, மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஷீனா அவர்களே, பெரியோர்களே, தேயிலைக் கொழுந்துச் சாக்கை இறக்கிய கையோடு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, சூரியநெல்லி லயத்து வீடுகளின் சொந்தங்களே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

சுகாதாரப் பணியாளராக வீடு வீடாக வந்து பேசும் எனக்கு, மைக்கைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் கீழ் லயத்தில் ஒன்பது கோழிகள் செத்திருக்கின்றன. பறவைக்காய்ச்சல்தான் என்று பரிசோதனை சொல்லிவிட்டது. இனி வெட்கப்பட்டு என்ன பயன்?

நாம் என்ன செய்தோம்? சோர்ந்த கோழியைச் சாகுமுன் குழம்பாக்கினோம். செத்த கோழியை ஓடையில் எறிந்தோம். அந்த ஓடையில் தண்ணீர் குடிப்பது யார்? நம் மாடு. அந்த மாட்டின் பாலைக் கறந்த சூட்டிலேயே குடிப்பது யார்? அருண்பாண்டி அண்ணன். “ஒடம்புக்கு நல்லதும்மா” என்கிறார். அண்ணே, காய்ச்சினாலும் அது நல்ல பால்தான்.

முட்டையும் கறியும் நன்றாக வேகட்டும். செத்த பறவையைத் தொடாதீர்கள், மாட்டாஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லுங்கள்.

என்ன கோமதி அக்கா, சிரிக்கிறீர்கள்? மூன்றாவது வரிசையில் பூமாரி சித்தியின் பை அசைகிறதா? நானும் அதைத்தான் பார்க்கிறேன். சித்தி, பையில் என்ன? கத்தரிக்காயா? கத்தரிக்காய்க்குக் கொண்டை முளைத்திருக்கிறதே.

இன்று வீடு வீடாகச் சோதனை என்றதும், பறவைக்காய்ச்சல் கூட்டத்துக்கே சேவலை ஒளித்துக்கொண்டுவரும் துணிச்சல் யாருக்கு வரும்?

சிரித்தது போதும், சொந்தங்களே. சித்தியின் மருமகள் இந்துவுக்கு இது எட்டாம் மாதம். சுகப்பிரசவம் வேண்டி மாடசாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல் அது. அதன் கொண்டை சாய்ந்து கிடக்கிறதே, சேவல் சோர்ந்ததும் என்ன செய்தீர்கள் சித்தி? “ரெண்டு நாளா வீட்டுக்குள்ள வச்சு மஞ்சத்தண்ணி ஊட்டினேன், தாயி.” பக்கத்தில் இந்து இருமுகிறாளே? “நேத்துல இருந்துதான். வெறும் சளி.”

நேர்ச்சை யாருக்காக? இந்துவுக்காக. சித்தி இருக்கும் விரதம் யாருக்காக? இந்துவுக்காக. அந்தச் சேவலே இந்துவுக்கு நோயைக் கொடுக்கலாமா? சாமி இன்னொரு சேவலுக்குக் காத்திருக்கும். காய்ச்சல் காத்திருக்காது.

“சாமி கோவிச்சுக்கிடும்” என்கிறார் சித்தி. அண்ணாச்சி என்ன சொல்கிறார்? “மாடசாமிகிட்ட பேச்சுவார்த்தைக்கு நான் வாரேன், தங்கச்சி. மொதலாளிகிட்டயே பேசுறவன்.” யூனியனே பொறுப்பேற்றுவிட்டது, சித்தி.

இதோ, சித்தி எழுந்துவிட்டார். வழி விடுங்கள், யாரும் கிட்டே போகவேண்டாம். சித்தி, பையைத் திறக்காமல் வாசலில் வையுங்கள். கையுறை போட்ட மாட்டாஸ்பத்திரி ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். இந்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியே நிற்கும் ஜீப்பில் ஏறு. ஆஸ்பத்திரியில் சளி என்று தொடங்காதே. வீட்டில் சோர்ந்த சேவல் இருந்தது என்று தொடங்கு. சித்தி, நீங்களும் கூடப் போய்க் காட்டுங்கள்.

கை தட்டுங்கள், எனக்கல்ல, அந்த மாமியாருக்கு.

ஜீப் உறுமுகிறது, என் பேச்சு அதற்குக் குறுக்கே நிற்கவேண்டாம். செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. நலமாயிருங்கள், வணக்கம்.