கில் குருவி இறங்கிய காலை

உப்புப் போடாத பன்றிக் கொழுப்பு எங்கள் ஊர்க் கறிக்கடையில் இப்போதெல்லாம் முன்கூட்டிச் சொல்லிவைத்தால்தான் கிடைக்கிறது, ஐயா. உட்காருங்கள். தேநீரில் எலுமிச்சை போட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு பொகுமிலா வழுக்கி விழுந்து குளிரில் இறந்துபோனாள், நான் ஏதாவது பார்த்தேனா என்று கேட்டுக் கையெழுத்து வாங்கத்தான் போலீஸ் நிலையத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். உங்களைப் பொறுத்தவரை அது விபத்து. நான் கொழுப்பிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

பனி விழத் தொடங்கியதும் பட்டாணிக் குருவிகளுக்காகக் கொழுப்புத் துண்டைக் கயிற்றில் கட்டி மரத்தில் தொங்கவிடுவது இங்கே வீட்டுக்கு வீடு நடப்பதுதான். உப்புப் போட்டது குருவிக்கு ஆகாது. அது எனக்கும் தெரியும். போன குளிர்காலத்தில் கடையில் தீர்ந்துவிட்டது. சமையலறையில் இருந்த உப்புக் கொழுப்பையே நன்றாகக் கழுவிக் கட்டினேன். கழுவினால் போய்விடும் என்று நினைத்தேன். ஆப்பிள் மரத்தடியில் சில குருவிகள் செத்துக் கிடந்தன. அதை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து முதலில் பார்த்தவள் பொகுமிலா.

மறுநாள் கறிக்கடையில் ஊரே நிற்கும்போது கேட்டாள்.

“என்ன ஸ்டெபா, குருவிங்களுக்கு ஊறுகாய் விருந்தாமே? கூட வோட்கா ஊத்த மறந்துட்டியா?”

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“கழுவிட்டுத்தான் கட்டினேன் அக்கா.”

“கழுவினாளாம். சந்தேகம்னா ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாடி? பக்கத்துலதானே இருக்கேன்.”

அவள் கெட்டவள் இல்லை. அன்று மாலையே கசகசா கேக் கொண்டுவந்தாள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம் மூட்டியது. திட்டியவள் திட்டியதோடு நின்றிருந்தால் அவளை வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

இந்தக் குளிர்காலம் என் தோட்டத்துக்கு ஒரு குருவிகூட வரவில்லை. நல்ல கொழுப்பு கட்டினேன், வாதுமைக் கொட்டை உடைத்துப் போட்டேன். குருவிகள் எல்லாம் அவளுடைய சூரியகாந்தி விதைக்குப் போய்விட்டன. காலையில் என் ஜன்னலில் உட்கார்ந்து அவள் வீட்டு விருந்தாளிகளை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். பொறாமைதான் ஐயா, நாசூக்காகச் சொல்ல ஒன்றுமில்லை. என் மகன் வார்சாவிலிருந்து வருவதில்லை, வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். குருவியும் வராத வீடு என்றால் வயிறு எரியாதா?

“இந்த வருஷம் கில் வந்துச்சுன்னா உனக்குக் குரல் குடுக்கறேண்டி. எங்க ஜன்னல்ல வந்து உக்காந்து பாரு” என்றாள் ஒருநாள். கில் கடுங்குளிரில் மட்டும் காட்டிலிருந்து வீட்டுப் பக்கம் இறங்கும் குருவி. நெஞ்சு செக்கச் செவேலென்று இருக்கும். அதை நான் அவள் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம்.

குளிரில் குருவிகளுக்குக் குடிக்கத் தண்ணீரும் கிடைக்காது. அதனால் மாலையில் கிண்ணத்துப் பனிக்கட்டி உருக வெந்நீர் ஊற்றுவோம். என் கிண்ணத்தை வேலியோரம் நகர்த்தி வைத்தேன். அங்கிருந்து நிலம் அவள் பக்கம் சரிவு. ஊற்றும் தண்ணீர் வேலிக்கு அடியில் ஓடி, குருவிகளுக்கு விதை போட அவள் மாட்டியிருந்த தீனிக்கூண்டுக்கு நடந்துபோகும் பாதையில் இறங்கி உறையும். குருவிக்குத் தண்ணீர் வைப்பது குற்றமா என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கிண்ணம் நிரம்ப ஒரு செம்புத் தண்ணீர் போதும். நான் ஊற்றியது வாளி வாளியாக. அதன்மேல் புதுப்பனி விழுந்து மூடும் என்று வானொலியில் சொன்ன பிறகுதான் ஊற்றினேன்.

மறுநாள் எங்கள் ஊர்க் குளிர்காலப் பறவைக் கணக்கெடுப்பு. அவரவர் ஜன்னலோரம் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். கதவைத் திறந்தால் குருவிகள் கலைந்துவிடும், அண்டை வீட்டுக் கணக்கும் கெடும். நேரம் தொடங்கும் முன்பே நான் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில், பொகுமிலா கடைசியாகக் கூண்டை நிரப்ப விதை வாளியோடு வெளியே வந்தாள். விழுந்த சத்தம் இரட்டைக் கண்ணாடியைத் தாண்டி எனக்குக் கேட்டது. இடுப்பு முறிந்திருக்க வேண்டும், எழுந்திருக்க முடியவில்லை.

“ஸ்டெபா... ஸ்டெபா, இங்க வாடி.”

நான் எழுந்திருக்கவில்லை. கணக்கெடுப்பு நேரம், குருவிகள் கலைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விதை அவள் மேலெல்லாம் சிதறியிருந்தது. முதலில் பட்டாணிக் குருவிகள் வந்தன. அப்புறம் கில் வந்தது. அவள் மேல்கோட்டின் மீது, நெஞ்சுக்கு நேராக இறங்கி விதை பொறுக்கத் தொடங்கியது.

பொகுமிலா அதைப் பார்த்தாள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். தலையை மெல்ல என் ஜன்னல் பக்கம் திருப்பினாள். நான் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. கையுறை போட்ட விரலை உதட்டின் மேல் வைத்தாள். அசையாதே, பறந்துவிடும் என்று எனக்குச் சொல்கிறாள். நேரம் முடிந்ததும் நான் ஓடி வந்துவிடுவேன் என்று நம்பி, அந்தப் பனியில் ஆடாமல் படுத்திருந்தாள். 

விபத்து என்று எழுதி வைத்திருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள். ஒரு மணி நேரம் முடிந்தது. கில் பறந்து காட்டுப் பக்கம் போய்விட்டது, மற்றவையும் போய்விட்டன. கலைப்பதற்கு அங்கே ஒரு குருவிகூட இல்லை. அவள் விரலை எடுத்துவிட்டு, வா என்று கையை அசைத்தாள். நான் திரைச்சீலையை இழுத்து மூடினேன், ஐயா.